அவசரக்காரியும் சைக்கிள் செயினும்

தெருவுக்கே அவள் அவசரக்காரி. துணி கொடுத்தவர் வீடு போய்ச் சேருமுன் தைத்து முடித்துக் கூப்பிடுகிற தையல்காரி. நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகியபோது அவளுக்கு முட்டியெல்லாம் தோல் உரிந்தது. குழாய் வேலை பார்க்கும் அவள் கணவரோ, "நடுரோட்டுல விழுந்தா என் பேரை மட்டும் சொல்லிடாதே" என்று கேலி செய்துகொண்டே இருந்தார்.

அன்று பெண்களுக்கான சைக்கிள் பந்தயம். விடிந்ததிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசிவரை ஓட்டிவிட்டால் போதும், அவர் வாய் அடைபட்டுவிடும்! தண்ணீர் பாட்டிலோடு வாசலுக்கு ஓடிவந்தவள் அலறிவிட்டாள். கழற்றிய செயினைத் தூக்கிப் பிடித்தபடி அவர் நின்றார். கீழே வாளியில் ஆசிட்.

"ஐயையோ! என்னங்க பண்றீங்க?"

"எத்தனை கக்கூஸைப் பளபளன்னு ஆக்கியிருக்கேன்! ஆசிட்டுக்கு அசையாத கறை உண்டா?"

"அது பீங்கான், இது இரும்புங்க! அரிச்சுத் தின்னுடும். பாதி வழியில பட்டுன்னு அறுந்தா, நான் குப்புற விழணும்!"

செயினைப் பிடுங்கிக்கொண்டாள். தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இரும்பின் குணம் தெரியாதா? காற்றோட்டமாக வாசலிலேயே உட்கார்ந்து, கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் பிரஷ் கிடைக்காமல் அவருடைய புது பிரஷ்ஷாலேயே தேய்த்தாள். கரிக்குழம்பாக வழிந்தது அழுக்கு. துடைக்கத் துணி? வீடு முழுக்கத் துணிதான், அத்தனையும் ஊரார் துணி! பந்தயம் பார்க்கப் போட்டிருந்த புதுச்சட்டையை அவர் கழற்றி நீட்டினார்.

ஈரமில்லாமல் துடைத்து, கண்ணிக்குக் கண்ணி மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள்.

"போதும், மாட்டு, நேரமாச்சு!" என்று அவர் குதித்தார்.

"இருங்க, எண்ணெய் உள்ளே இறங்கட்டும்." அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. புழுதி ஒட்டாதபடி மேலே நின்ற எண்ணெயையும் துடைத்துவிட்டே செயினை மாட்டினாள்.

பந்தயப் பாதையின் மேட்டில் மற்ற சைக்கிள்கள் கிரீச்சிட்டன. அவளுடையது மூச்சே விடவில்லை. மிதி மிதியென்று மிதித்தாள். அப்பாடா, எல்லைக்கோடு! பரிசு மூன்று பேருக்கு, அவள் நான்காவது. ஆனால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வெறும் பனியனும் கரிக்கையுமாக ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்: "என் பொண்டாட்டி! அது என் பொண்டாட்டி!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. "கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே!" என்று அவர் இன்னும் பலமாகக் கத்தினார்.