களத்துமேட்டில் பிறந்த வெளியூர்ப் பிள்ளை

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்தில் இருந்த தாய்சேய் நல விடுதியில் நர்ஸாகச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகவில்லை. பிறகும் ஆகவில்லை. சொந்த ஊர் ராமநாதபுரத்துப் பக்கம். மழை பொய்த்தால் தெருத் தெருவாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் பூமி. இங்கே பார்த்த இடமெல்லாம் தண்ணீரும் பச்சையும். ஆனால் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டால் பேச ஆள் கிடையாது. வலி எடுத்தால்தான் என்னைத் தேடி வருவார்கள். நானாக வீடு தேடிப் போனால், 'ரெண்டு பிள்ளை போதும்' என்று சொல்ல வந்துவிட்டேன் என்று பெண்கள் கொல்லைப்பக்கம் நழுவிவிடுவார்கள்.

சென்னையில் ஆட்சி மாறி, வயலில் வேலை செய்கிறவர்களுக்கு எதிர்த்துக் கேட்கத் துணிவு வந்திருந்த காலம் அது. ஒரு சம்பா அறுவடையில் கூலியைக் கூட்டிக் கேட்டுக் கீழத்தெரு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். வரப்பெல்லாம் செங்கொடி. மிராசுதார் மசியவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து களத்துமேட்டுக் கொட்டகையில் இறக்கினார். கூடவே போலீஸும் வந்தது.

ஒரு மத்தியானம் அந்த ஆட்களில் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் மனைவிக்கு வலி கண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மதகடியில் கீழத்தெரு ஆண்கள் நின்றிருந்தார்கள்.

"போவாதீங்க நர்ஸம்மா. எங்க வயித்துல அடிக்க வந்தவங்க அவங்க."

"அந்தப் பொண்ணு என்னங்க பண்ணும்? நான் போகணும்."

"நீங்களும் வெளியூர்தானே. அப்படித்தான் பேசுவீங்க."

அவர்களில் சிலருடைய பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவள் நான். அப்போது, முந்தின சித்திரையில் என்னிடம் பிள்ளை பெற்ற ஒருத்தி, பேசியவனின் மனைவி, இடுப்புக் குழந்தையை அவன் கையில் திணித்தாள்.

"புள்ள என்ன கூலி பேசிட்டா வருது? வழிய விடுங்க."

என் பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

கொட்டகையில் வைக்கோல்மேல் சேலையை விரித்துக் கிடந்தவள் சின்னப் பெண். "ஆத்தா, என்னால முடியலையே" என்று அவள் அலறியது அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சு. கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. "பொறுத்துக்கத்தா, இந்தா வந்துருச்சு" என்று என் வாயிலும் அதுவே வந்தது. வலிக்கு நடுவிலும் அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நீங்க எந்தூருக்கா?"

சொன்னேன். அவள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்தான். அதற்குப் பிறகு என் கையை அவள் விடவில்லை.

பெண் குழந்தை. கீழத்தெருக்காரிதான் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள்.

பிறப்பைப் பதியப் போனபோது ஊர்க் கணக்குப்பிள்ளை தயங்கினார். "அறுப்பு முடிஞ்சா போயிடுவாங்க. இத நம்ம ஊர்ல எப்படிம்மா ஏத்துறது?"

"எங்க பொறந்துச்சோ அங்கதாங்க ஏத்தணும்."

முனகிக்கொண்டே எழுதினார்.

பேச்சுவார்த்தையில் கூலி கொஞ்சம் கூடியது. வந்தவர்களை லாரி திரும்ப ஏற்றிக்கொண்டது. "ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாங்கக்கா" என்றாள் பிள்ளை பெற்றவள். அடுத்த லீவில் போனேன். அவள் வீட்டோடு சேர்த்து அந்தத் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மெட்ராஸ் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எங்கள் வீட்டிலும் தம்பி அப்படித்தான் போயிருந்தான்.

பிற்பாடு இங்கேயும் அது தொடங்கியது. ஆற்றில் தண்ணீர் பிந்திப் பிந்தி வந்தது. மிராசுதாரின் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள். கீழத்தெருப் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இருந்தவர்கள் ரெண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் தெருத் தெருவாகச் சொன்னதுதான். ஆனாலும் விடுதியில் குழந்தை அழாத வாரங்கள் வந்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

அன்று என் பையைத் தூக்கி நடந்தவளும் மகனோடு திருப்பூருக்குக் கிளம்பினாள். சொல்லிக்கொள்ள வந்தாள்.

"தனியா கெடக்குறீங்களே நர்ஸம்மா. ஊரோட போயிடுங்களேன்."

"எந்த ஊருக்கு?" என்றேன்.

பஸ் வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வந்த பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு உட்கார இடம் கிடைக்கிறதா என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தேன். கிடைத்தது.