நம்பர் மாமா தூக்கிய ஐந்து கிலோ

நூற்றுப் பதினேழாவது முறை டம்பெல்லைத் தூக்கும்போது நம்பர் மாமாவுக்குக் கொட்டாவி வந்தது. மறு கையில் டிவி ரிமோட்.

எங்கள் மேல்வீட்டுக்காரர். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது தொழில். ஸ்கேல் வைக்காமல் கோடு இழுப்பார். எண்கள்மீது அப்படியொரு பக்தி. "ஆளு பொய் சொல்வான்டா, நம்பர் சொல்லாது" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார்.

அந்த நம்பர் போன வருஷம் அவரையே பிடித்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பது. மாத்திரையோடு டாக்டர் ஐந்து கிலோ டம்பெல்லும் எழுதிக் கொடுத்தார். "பத்துப் பத்து தடவையா தூக்குங்க. கடைசி ரெண்டு தடவை முக்கணும். அப்பதான் சதை சர்க்கரையை இழுத்துக்கும். இறங்கலேன்னா ஊசிதான்."

ஊசி என்றால் மாமாவுக்கு உதறல். ரத்தம் எடுக்க நர்ஸ் பஞ்சைத் தொட்டாலே கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதாம்மா?" என்பார்.

டம்பெல் வந்தது. கறுப்பு உடம்பில் மஞ்சள் நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு 5. தினமும் நூற்றைம்பது தடவை. மாடிப்படியில் யார் எதிர்ப்பட்டாலும், "அஞ்சு கிலோ. பூ மாதிரி போகுது. நம்ம உடம்பு வாகு அப்படி." அவர் மனைவி மட்டும் ஒருநாள் வீடு பெருக்கும்போது அதை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்தார்.

நேற்று ரிசல்ட் வந்தது: 9.4.

"மெஷின் கோளாறு" என்றார் மாமா.

மனைவி உள்ளே போய் ஐந்து கிலோ சோப்புத்தூள் பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "தூக்குங்க."

நான்காவது தடவையில் கழுத்து நரம்பு புடைத்தது. ஆறாவதில் பை மறுபடி மடியில் உட்கார்ந்தது.

"இதுல ஏதோ கலப்படம். கல்லு மாதிரி கனக்குது."

"இது கம்பெனிக்காரன் போட்ட அஞ்சு. அது நீங்க போட்ட அஞ்சு. டாக்டர்கிட்ட கெஞ்சி இன்னும் மூணு மாசம் வாங்கியிருக்கேன். அப்புறம் உங்க பாடு, ஊசி பாடு."

மாமா என் பக்கம் திரும்பினார். "பள்ளிக்கூடம் முடிஞ்சா வேற வேலையே இல்லையாடா உனக்கு?"

நான் நகரவில்லை. மாமா வேலைப் பெட்டியைத் திறந்து, பெயிண்டைக் கரைக்கும் தின்னரை எடுத்தார். துணியை நனைத்து, டம்பெல்லைத் திருப்பி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மஞ்சள் 5 கரைந்து வழிய, அடியிலிருந்து கம்பெனிக்காரன் அச்சடித்த வெள்ளை 1 எட்டிப் பார்த்தது.