யார் கையில் அறுந்தது

நொரீன் மீன் துண்டுகளைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோல் பக்கம் வெளியே தெரிய வேண்டும், மேலே கொஞ்சம் உப்பு, விளிம்பைத் துடைத்து மூடி. முப்பத்தோரு வருடமாக இலையுதிர்காலம் வந்தால் இதே வேலைதான். சால்மன் மீன் பிடிப்பது கணவன் கிளேட்டன். அறுப்பது, கழுவுவது, அடைப்பது, கெடாமலிருக்கப் புட்டிகளைப் பெரிய பிரஷர் குக்கரில் ஏற்றி இறக்குவது அவள்.

மேசையில் கிளேட்டனும் பக்கத்து வீட்டு ஆர்விலும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காலையில பாத்தீங்கல்ல ஆர்வில், இவ விட்ட மீனை? அஞ்சு கிலோ இருக்கும். புதுசா வர்றவங்க எல்லாருமே இப்படித்தான், நூலை இழுத்துப் பிடிக்கத் தெரியாது."

நொரீனின் கை நின்றது. மறுபடி அடைத்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டவள். ஆகஸ்டில் ஓய்வு பெற்றபோது, பரிசாக என்ன வேண்டும் என்று கேட்ட கூட்டாளிகளிடம் தூண்டில் கோல் கேட்டாள். முதல் வாரத்திலேயே ஸ்கீனா ஆற்றுக் கற்களிடையே ஒன்பது ஸ்பூன்களைத் தொலைத்தாள். மீனை ஏமாற்ற நூல் நுனியில் கட்டும், கரண்டிக் குழிபோல வளைந்த அந்த உலோகத் தகடு, நூல் தளர்ந்த நிமிடம் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். "என்ன, ஆத்துக்குச் சீர் செய்யறியா?" என்று கிளேட்டன் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தான். அவள் எறிந்து, கோலை உயர்த்தி, நீரோட்டமே தகட்டை வளைத்துக் கொண்டுபோக விட்டு, நடுவில் ரீலைச் சுற்றாமல் பொறுத்திருக்கக் கற்றுக்கொண்டாள். அதற்கு ஆறு வாரம் ஆயிற்று.

இன்று காலை கோல் வளைந்தது. "மீன்!" என்றாள். அந்தக் கரையில் அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. வரிசையில் நின்ற பதினோரு பேரும் அவள் நூலோடு சிக்காதிருக்கத் தங்கள் நூலைச் சுற்றிக்கொண்டு பின்வாங்கினார்கள். மீன் ஓடினால் ஓட விட்டாள், நின்றால் சுற்றினாள். தோள்பட்டைக்கு அந்தப் பாரம் பழக்கமானதுதான். மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு பளிச்சென்று ஒருமுறை தெரிந்தது.

அப்போதுதான் கிளேட்டன் தண்ணீரில் இறங்கி வந்தான். "குடு இங்க, நீ கெடுத்துடுவே." கேட்காமல் பிறர் கோலைத் தொடுவது அந்தக் கரையில் செய்யாத காரியம். அவன் பிடுங்கி, நூல் ஓடாதபடி ரீலின் திருகை இறுக்கி, வெடுக்கென்று இழுத்தான். நூல் அறுந்தது. மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பிறகு அவன் தன் கோலால் இரண்டு பிடித்தான். இப்போது புட்டிக்குள் போவது அவைதான்.

"ஆர்வில்," என்றாள் நொரீன், திரும்பாமலே. "நீங்க எனக்கு அடுத்ததா நின்னீங்க. நூல் அறுந்தப்ப கோல் யார் கையில இருந்துச்சு?"

ஆர்வில் காப்பிக் கோப்பையைச் சுற்றினார். "கிளேட்டன் கையிலதாம்மா."

"அட, ஒதவி பண்ணத்தானே வந்தேன்," என்று சிரித்தான் கிளேட்டன். "ஒரு மீனுக்கு இவ்வளவு பேச்சா? ஆறு மீன் பிடிச்சுத் தரேன் உனக்கு."

"பிடிச்சுத் தர வேண்டாம். நான் விட்டேன்னு சொன்னியே, அதைத் திருப்பி எடுத்துக்கோ."

"வெளயாட்டுக்குச் சொன்னதை எல்லாம்..."

அவள் கடைசி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் ஆர்விலைப் பார்த்துக் கண்ணடித்தான். ஆர்வில் சிரிக்கவில்லை.

மூடியை மேசைமேல் வைத்தாள். கை கழுவி, ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். கதவோரம் சாய்த்திருந்த தன் கோலையும் ஸ்பூன் டப்பாவையும் எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்டே? இன்னும் வெளிச்சம் ரெண்டு மணி நேரம்கூட இல்ல." கிளேட்டன் எழுந்து அடுப்பருகே வந்தான். குக்கரைப் பார்த்தான், திறந்து கிடந்த புட்டியைப் பார்த்தான். "நொரீன், இதை எத்தனை நிமிஷம் வைக்கணும்?"

அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.