ஐம்பத்திரண்டாம் வருடத்துக் கேள்வி

மைதாப் பசை காய்வதற்குள் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் தேய்த்துவிடுகிறார் செல்லக்கனி. திருவொற்றியூர் மீன் மார்க்கெட் முனையில், கட்சிப் பத்திரிகையைப் பலகையில் ஒட்டும் வேலை. நேரம் காலை ஐந்து ஐம்பது. தினமும் அங்கே நின்று படிக்கும் நான், ஐந்து நிமிடத்துக்கு மேல் தவறிப் பார்த்ததில்லை. ஒட்டினால் தாளின் ஒரு பக்கம் மறைந்துவிடும் என்பதால் தினமும் இரண்டு பிரதி வாங்குகிறார். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் கீழே ஒட்டுவார். "அத்த மேல ஒட்னா மத்தத ஒருத்தனும் படிக்க மாட்டான் நைனா. குனியட்டும்."

அதன் பிறகுதான் கருவாட்டுக் கூடையைப் பிரிப்பார். வயது அறுபத்தெட்டு. யாராவது மூக்கைப் பொத்தினால், "இன்னாம்மா, சென்ட்டு கடைக்கா வந்துகீறே?" என்பார். 1985-இல் மார்க்கெட் குத்தகைக்காரர் கூடைக்காரிகளை வெளியே தள்ளியபோது, கட்சியின் தொழிற்சங்கம்தான் போராடி உட்கார இடம் வாங்கித் தந்தது. மறுவருடம் கட்சியில் சேர்ந்தார். வருடாவருடம் புதுப்பித்த உறுப்பினர் அட்டைகள் நாற்பது. வரிசைப்படுத்திப் பார்த்தேன், ஒன்றுகூட விடுபடவில்லை.

ஒரே மகள் நர்மதா அமெரிக்காவில் நர்ஸ், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம். தாயை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்புகிறாள்.

போன வியாழக்கிழமை தண்டையார்பேட்டையில் ஷாகுல் ஹமீதின் கம்ப்யூட்டர் சென்டரில் விசா விண்ணப்பத்தை நிரப்பினார்கள். நானும் துணைக்குப் போயிருந்தேன். நர்மதா வீடியோ காலில் இருந்தாள். பெயர், பிறந்த தேதி, காசநோய் உண்டா என்று கேள்விகள் ஓடின. ஓரிடத்தில் ஷாகுல் நின்றார்.

"கம்யூனிஸ்ட் கட்சில கீறியான்னு கேக்குதுக்கா. 'இல்ல'ன்னு போட்டுடறேன்."

"ஏன் பாய், நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"எம்மா, 'ஆமா'ன்னு போட்டா விசாவே தர மாட்டாங்க," என்று நர்மதா அழ ஆரம்பித்தாள். "புள்ளய பாக்க வேணாமா உனக்கு?"

"வேணும்டி. கனவுலகூட அத்த தூக்கிகினுதான் கீறேன்."

"அவுங்களுக்கு எப்டிக்கா தெரியும்?" என்றார் ஷாகுல்.

"மார்க்கெட்டுக்கே தெரிஞ்சத அவங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு மறைக்கணும்?"

பிறகு செல்லக்கனி கேட்டார்: "என்னப் பத்தி மட்டும்தான் கேக்குறானா? கூட யாரு யாரு கீறாங்கன்னு பேரு கேக்குறானா?"

"இல்லக்கா. உன்ன மட்டும்தான்."

"பேரு கேட்டா எழுந்து பூடுவேன். என்னப் பத்தின்னா கேட்டுக்கட்டும்."

படிவத்தில் இருந்த கேள்வியின் வேர் அமெரிக்காவின் 1952-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. கம்யூனிஸ்ட் என்ற சொல்லுக்கே அந்த நாடு நடுங்கிய காலம். ஆசிரியர்களையும் நடிகர்களையும் துறைமுகத் தொழிலாளிகளையும் விசாரித்தவர்கள், நீ யார் என்பதோடு நிற்கவில்லை. உன்னோடு இருந்தவர்கள் யார் என்றும் கேட்டார்கள். பெயர்களைச் சொன்னவர்கள் தப்பினார்கள். சொல்லாதவர்கள் வேலை இழந்தார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். இது எதுவும் செல்லக்கனிக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எழுபது வருடம் கழித்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் கேட்டதும் அந்தப் பெயர்களைப் பற்றித்தான்.

ஷாகுல் அம்புக்குறியை 'ஆம்' கட்டத்துக்கு நகர்த்தினார். விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "என்னால ஆவாதுக்கா," என்றார்.

நர்மதா குழந்தையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். செல்லக்கனி இடது கையால் செல்பேசியை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார். குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமலே, வலது கையை மவுஸின் மேலிருந்த ஷாகுலின் விரல்மேல் வைத்து அழுத்தினார்.