நான் பொறுக்கி எடுத்த வாக்குத்தத்தம்

எங்க வீட்டுச் செவுத்துல இருந்த சாமி படங்களைக் கழட்டி சாக்குல கட்டினது நான்தான். ஞானஸ்நானம் எடுத்த அதே வாரம். வீட்டுக்காரர் சாக்கோட வாயைப் பிடிச்சுக்கினு நின்னாரு. "மெதுவாடி, மெதுவா"ன்னாரு. நான் மடமடன்னு கழட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் தெருவுல மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தினா வாங்க மாட்டேன். தங்கச்சி புள்ளைக்குக் குலதெய்வம் கோயில்ல மொட்டை அடிச்சப்போ போகல. ரெண்டு வருஷம் அவ என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. போனா போறான்னு விட்டேன். கல்லுக்கும் படத்துக்கும் குனிய மாட்டேன்னு சபையில மைக்கைப் பிடிச்சு சாட்சி சொன்னவ நான். அப்பேர்ப்பட்டவதான் ஒரு அட்டைகிட்ட மாட்டினேன்.

எங்க சபையில வருஷப் பிறப்பு ஆராதனை முடிஞ்சதும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு தாம்பாளத்துல சின்னச் சின்ன அட்டையா கவுத்து வச்சிருப்பாங்க. குடும்பத்துக்கு ஒண்ணு. கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு எடுக்கணும். அதுல இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் குடுத்த வார்த்தை. மாத்திக்கக் கூடாது. அந்த வழக்கத்தை நான் இன்னிக்கும் குத்தம் சொல்லல. வசனம் நல்ல வசனம்தான். அதை வச்சுக்கினு நாங்க ஆடின கூத்து இருக்கே, அதை நெனச்சாதான் எனக்குப் பத்திக்கினு வருது.

மொத வருஷம் எங்களுக்கு வந்தது, கர்த்தர் வீட்டைக் கட்டுவாருங்கற மாதிரி ஒரு வசனம். அந்த வருஷமே கச்சிராயபாளையத்துல எங்க கூரை வீட்டுக்குப் பதிலா கவர்மென்ட் வீடு சாங்ஷன் ஆச்சு. எங்க தெருவுல இன்னும் நாலஞ்சு பேருக்கும்தான் ஆச்சு. அவங்கல்லாம் எந்த அட்டையும் எடுக்கல. அது அப்போ என் மண்டையில ஏறணுமே! ஜெராக்ஸ் கடையில குடுத்து அட்டைக்கு லேமினேஷன் பண்ணேன். நடு ரூம்ல மாட்டினேன். கிறிஸ்மஸுக்கு வாங்கின சீரியல் லைட்டை அதைச் சுத்திப் போட்டேன். அதுல இருந்து வருஷா வருஷம் புது அட்டை அந்த எடத்துக்கு வந்துடும்.

வீட்டுக்காரர் ஆலைக்குக் கரும்பு ஏத்துற டிராக்டர் ஓட்டுறவரு. ஆலை ஓடாத மாசத்துல வேலை கம்மி. ஒரு தடவை திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போறேன்னு பையை எடுத்துட்டாரு. எனக்குப் பிடிக்கல. சின்னப் பொண்ணை வச்சுக்கினு தனியா இருக்கணுமேன்னு பயம். அதை வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்லல. அந்த வருஷத்து அட்டையில அசைக்கப்படுறதில்லைன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அதைக் காட்டி, "அசையாதன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல பஸ் ஏறினா உங்க பாடு"ன்னேன். மனுஷன் பையைக் கீழ வச்சுட்டாரு. எனக்குன்னா ஒரே குஷி. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கினது அன்னிக்குத்தான்.

போன வருஷம் பொண்ணு பிளஸ் டூ முடிச்சு, கவுன்சிலிங்குல சேலத்துல நர்சிங் சீட்டு வாங்கினா. எங்க ரெண்டு பேர் வம்சத்துலயும் காலேஜ் வாசலை மிதிக்கப் போற மொத ஆளு. வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். இல்லேன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும். திங்கக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பெட்டி வாங்கணும்னு பேச்சை எடுத்தேன். அவர் எழுந்து போய் அட்டைக்குப் பக்கத்துல நின்னாரு. சொந்த தேசத்துலயே குடியிருந்து நல்லது செய்யணும்னு அந்த வருஷத்து வசனம்.

"இன்னா போட்டுருக்குது பாரு. இங்கயே இருன்னு போட்டுருக்குது. சேலமும் வேணாம், ஒண்ணும் வேணாம். கள்ளக்குறிச்சியில எதுனா டிகிரி படிக்கட்டும்."

"சேலம் இன்னா துபாயா? சின்னசேலம் போனா பஸ்ஸு மேல பஸ்ஸு போய்க்கினு இருக்குது"ன்னேன்.

"நான் சொல்லலடி. வார்த்தை சொல்லுது."

எனக்குத் தெரியும், அவருக்குப் பொண்ணை விட்டுப் பிரிய மனசில்ல. அவ அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாலே பஸ் ஸ்டாப்புல போய் நிக்கிற ஆளு. பயமா இருக்குதுன்னு சொல்லிக்க வெக்கம். அந்தப் பயத்துக்கு முட்டுக் குடுக்க ஒரு வசனம் கெடச்சுது, அவ்வளவுதான். இந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் குடுத்த மகராசி யாரு? நான்தானே!

மறுநாள் கடையில எனக்கு வேலையே ஓடல. கள்ளக்குறிச்சியில ஒரு பாய் துணிக்கடையில பிளவுஸ் பிட்டு கிழிச்சுக் குடுக்கிற வேலை எனக்கு. ஒரு மீட்டர் கேட்ட அம்மாவுக்கு ரெண்டு மீட்டர் கிழிச்சுட்டேன். பாய் திட்டாம, "இன்னாம்மா ஆச்சு?"ன்னாரு. பொலபொலன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கினே கேட்டாரு:

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒருத்தர் கிளி வச்சுக்கினு ஒக்காந்துருக்காரே, அவுருகிட்ட சீட்டு எடுப்பியா?"

"சீச்சீ! அதெல்லாம் பாவங்க பாய்."

"அங்க கிளி எடுக்குது. உங்க வூட்ல நீங்களே எடுத்துக்கிறீங்க. கிளிக்கு நெல்லு மிச்சம்."

பக்கத்துல நின்ன பொண்ணுங்கல்லாம் சிரிச்சுது. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ரெண்டு மீட்டரா கிழிச்ச துணியை மடிக்க ஆரம்பிச்சேன். சாயங்காலம் பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காந்து, ஆண்டவரே நீரே எங்க வீட்டுக்காரர் மனசை மாத்தும்னு ஜெபம் பண்ணேன். கச்சிராயபாளையம் வர்றதுக்குள்ள மாறியிருக்கணும்னு எனக்கு அவசரம்.

எங்க மாற? புதன்கிழமை காலையில சோறு போட்டுக்கினே ஆரம்பிச்சேன். "ஏங்க, ஆண்டவர் வேற, அட்டை வேற. அட்டையைப் பாத்து யாராவது புள்ளை வாழ்க்கையை முடிவு பண்ணுவாங்களா?"

அவர் தட்டுல இருந்து தலையைத் தூக்கினாரு. "நான் திருப்பூர் போறேன்னப்போ அட்டை வேற இல்லியா?"

கோவமா கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அன்னிக்கு நான் பண்ணது தப்பு, பயத்துல உங்களை ஏமாத்திட்டேன்னு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா போதும். சபை முழுக்கக் கைதட்டின சாட்சியெல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கொழம்பு ஊத்தட்டுமான்னு கேட்டேன்.

பொண்ணு பின்பக்கம் துணி தொவச்சுக்கினு இருந்தா. எல்லாம் கேட்டிருக்கா. நான் அங்க போனதும், "அப்பாகிட்ட உண்மையச் சொல்லும்மா. அவரு கேப்பாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொன்னா கேப்பாரு"ன்னா.

"உனக்கு இன்னாடி தெரியும்? போய் வேலையப் பாரு"ன்னேன். யார் மேல இருந்த எரிச்சலையோ அவ தலையில கொட்டினேன்.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிட்டு பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பாஸ்டர் ஊழியத்துக்காக வெள்ளிமலைக்கு மேல போயிருந்தாரு. ரெண்டு நாளா போன் கெடைக்கலன்னு அவர் சம்சாரம், நாங்க பாஸ்டர் அம்மான்னு கூப்பிடறவங்க, சொன்னாங்க. அவர் இருந்திருந்தா வீட்டுக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசியிருப்பாரு. விதி பாருங்க. விதின்னு சொல்லக் கூடாது, ஆனா அப்படித்தான் வாயில வருது.

"மிச்ச அட்டை இருக்குமா அம்மா? மனசு சரியில்ல. இன்னொரு வார்த்தை கெடச்சா தேவல."

"ஐயோ, அதுக்கின்னா சிஸ்டர்"னு உள்ள போய் ஒரு ஸ்வீட் டப்பாவை எடுத்தாந்தாங்க. "கண்ண மூடிக்கினு எடுங்க. உங்களுக்குன்னு வச்சிருப்பாரு."

கண்ணை மூடிக்கினு எடுத்தேன். பயப்படாதேன்னு வந்துச்சு. இதை வச்சு நான் இன்னா பண்றது? திரும்ப டப்பாவுல போட்டேன். அந்த நேரம் பார்த்து அடுப்புல பால் பொங்கற வாசனை வர, பாஸ்டர் அம்மா உள்ள ஓடினாங்க. நான் டப்பாவை மடியில கவுத்துட்டேன். அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்தேன். ஆறுதல், சுகம், ஆசீர்வாதம், சத்துருவுக்கு மேல ஜெயம். எல்லாம் தள்ளு. கடைசியில கெடச்சுது: பொறந்த எடத்தை விட்டு நான் காட்டுற தேசத்துக்குப் போன்னு ஒரு அட்டை. அதைக் கையில இடுக்கிக்கினேன். மத்ததை அள்ளி டப்பாவுல போட்டு மூடினேன்.

பாஸ்டர் அம்மா திரும்பி வந்து படிச்சுப் பார்த்துட்டு, "ஸ்தோத்திரம்! பாத்தீங்களா சிஸ்டர்"னாங்க. நானும் ஸ்தோத்திரம்னேன்.

சாயங்காலம் அவர் வந்து கை கால் கழுவினதும் நீட்டினேன். வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு தடவை படிச்சாரு.

"யாரு எடுத்தது?"

"நான்தான். பாஸ்டர் வூட்ல."

"கண்ண மூடிக்கினா?"

பொண்ணு கதவுகிட்ட நின்னுக்கினு இருந்தா. அவளை நான் பார்க்கல. "ஆமாங்க"ன்னேன்.

அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "பேசிட்டாருடி. நான்தான் மரமண்டை, தடுத்துக்கினு நின்னேன்"னு சொல்லி, பழைய அட்டைக்குக் கீழ புதுசை ஒட்டினாரு. நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போயிடலாம்னாரு. பொண்ணு தலையில கையை வச்சாரு. எனக்கு சந்தோஷம் வரணும். வாங்கிட்டேன் இல்ல, எது வேணும்னு நெனச்சேனோ அதை? என் மேலயே காறித் துப்பணும் போல இருந்துச்சு.

"வாங்க, ஜெபம் பண்ணுவோம்"னு அட்டைக்கு நேரா முட்டி போட்டாரு. சீரியல் லைட்டைப் போடச் சொன்னாரு. நான் சுவிட்சைப் போட்டேன். அவர் பக்கத்துல நானும் முட்டி போட்டேன். பொண்ணு அசையல. பொய்யைக் கண்டுபிடிச்சவ மாதிரி என்னையே பார்த்துக்கினு நின்னா. அவ வாயைத் தொறந்துடுவாளோன்னு எனக்குத் திக்குன்னுச்சு. கையைப் பிடிச்சு இழுத்து, "முட்டி போடுடி"ன்னேன்.

போட்டா. அட்டைக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து முட்டி போட்டா. அவர் கண்ணை மூடிக்கினு அழுதுக்கினே ஜெபம் பண்ணாரு, கவனிக்கல. பொண்ணோட உதடு மட்டும் சத்தமில்லாம அசைஞ்சுது. நான் அட்டையைப் பார்த்துக்கினே ஆமென் சொன்னேன்.