நசரத்பேட்டை ஏரியில் விழுந்த மொட்டை மூக்கு விமானம்

இன்று காலை நசரத்பேட்டை ஏரியில் ஒரு சண்டை விமானம் விழுந்தது. பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கரையில் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

இறக்கையில் இருந்த அடையாளம் சேற்றில் புதைந்திருந்தது. விமானி உள்ளே அசையாமல் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் எண்ணெய்க் கறை.

இந்த யுத்தத்தில் எதிரி விமானம் வந்தால் ஊரை எச்சரிக்கும் குண்டுவீச்சுக் காவலில் சேர்ந்திருக்கும் ஏழுமலை கைகளை விரித்து எல்லோரையும் மறித்தார். எதிரி விமானப் படங்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்.

"மூக்கு மொட்டையா கீது பாரு. நம்ம வண்டிக்குக் கூர் மூக்கு. இது ஜப்பான்காரன்து. கிட்ட போனா சுடுவான்."

அவர் படித்த படங்கள் பழையவை. இப்போது அமெரிக்காவிலிருந்து நமக்கு வரும் விமானத்துக்கும் மொட்டை மூக்குதான் என்றேன். ஜப்பான் விமானத்தில் விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு முதுகுக்கு மேலே துருத்தி நிற்கும், இதில் முதுகோடு சேர்ந்திருக்கிறது என்றும் காட்டினேன்.

"அப்போ நீ மொதல்ல எறங்கு, பேப்பர்கார அண்ணாத்தே. சுட்டான்னா நாங்க எழுதிக்கிறோம்," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் இறங்கவில்லை.

அப்போது விமானத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா!"

முதலில் குதித்தவர் ஏழுமலைதான். இடுப்பளவுச் சேற்றில் விமானியைத் தோளில் தூக்கிவந்தார்.

கால் முறிந்திருந்தது. பட்டாளத்து லாரியில் ஏற்றும்போது விமானி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கரையில பேச்சு கேட்டுது. ஏன் சார் யாரும் வரல?"

"யாரோட விமானம்னு தெரியல, தம்பி."

"உள்ள ஆள் இருந்தது தெரிஞ்சுதா?"

லாரி கிளம்பிவிட்டது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.