நேரே வந்து முட்டும் தெரு

ரயிலிலிருந்து பார்ப்பவருக்கு ஊரின் முதுகுதான் தெரியும். கடைகளின் பின்கதவு, குப்பைத்தொட்டி, கொடியில் காயும் துணி. கணினி விளையாட்டில் ரயில் ஓட்டுபவர்களுக்காக அமெரிக்கச் சிற்றூர்களை வடிவமைக்கும் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். முகப்பை யாரும் அழகாகச் செய்துவிடலாம். முதுகு சரியாக அமைந்தால்தான் ஓட்டுபவர் அந்த ஊரை நம்புவார்.

நாளிதழில் பல வருடம் பக்கங்களைச் சரிபார்த்தவன் நான். புகைப்படத்தில் ஒரு நிழல் தவறான பக்கம் விழுந்திருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கண்ணுக்கு இந்த வேலை பிடித்துப்போனது. கப்பலூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் மூன்று பேர். யாரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. வானிலிருந்து எடுத்த படங்கள், பழைய வரைபடங்கள், அந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் போட்ட குடும்பப் புகைப்படங்கள், இவை போதும். வீட்டைச் சுற்றி மதில் எழுப்பக் கூடாது, மொட்டைமாடி கிடையாது, கடை வாசலில் கார்கள் சாய்வாக நிற்கும் என்பதெல்லாம் எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. நாங்கள் அனுப்பிய ஊர் திரும்பி வருவது அபூர்வம்.

ஒன்று திரும்பி வந்தது. வாடிப்பட்டியிலிருந்து வரும் எங்கள் சக ஊழியரான பெண் முதன்முறையாகத் தனியாகக் கட்டிய ஊர் அது. கட்டட இன்ஜினியர் ஒருவரிடம் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவர், எங்களிடம் வந்த பிறகு விளக்குக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு என்று தனித்தனிப் பொருள்களாகவே செய்துவந்தார். இப்போது சோளக்காட்டு நடுவே ஒரு முழு ஊர். தண்டவாளத்தையும் ஸ்டேஷனையும் எங்களுக்கு வேலை தரும் வெளிநாட்டு நிறுவனம் ஏற்கெனவே வைத்து அனுப்பியிருந்தது. அவற்றைத் தொடக் கூடாது. மற்றதெல்லாம் இவர் பொறுப்பு.

அந்தத் தடத்தில் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்தான் நிறுவனத்துக்காக ஊர்களைச் சோதிப்பவர். அவர் எழுதியிருந்தார்: கட்டடங்கள் எல்லாம் சரி, ஆனால் இது அந்த ஊர் இல்லை, ஸ்டேஷனில் வண்டி நின்றால் தெரு தெரிய வேண்டும். வாரக் கடைசிக்குள் திருத்தாவிட்டால் ஊரை எடுத்துவிட்டுப் பொதுவான கட்டடங்களை வரிசையாக நட்டு மூடிவிடுவோம் என்று நிறுவனம் சேர்த்திருந்தது. அப்படி நடந்தால் வாடிப்பட்டிக்காரர் மறுபடி கம்பம் செய்யப் போக வேண்டியதுதான்.

மூவரும் திரையைப் பார்த்தோம். எங்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. மெயின் தெரு ஸ்டேஷனை நோக்கி வந்து, அதன் பக்கவாட்டில் தண்டவாளத்தைத் தொட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சின்னப் பூங்கா. உண்மையான ஸ்டேஷனை எப்போதோ இடித்துவிட்டார்கள். வான்படத்தில் அந்த இடம் முழுக்க மரங்கள். தெரு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் வந்து சேர்ந்தது என்பது வாடிப்பட்டிக்காரரின் ஊகம்; தெரு முழுவதையும் அதற்கேற்ப வைத்திருந்தார்.

நான் குடும்பப் புகைப்படங்களை மறுபடி எடுத்தேன். ஒன்றில் பள்ளிப் பிள்ளைகள் பேண்டு வாசித்துக்கொண்டு தெருவில் வருகிறார்கள். அவர்களின் தொப்பிகளுக்கு மேலே, தெருக் கோடியில், நகம் அளவுக்கு ஒரு சரிந்த கூரை. அதையொட்டி ஒரு ரயில் சிக்னல் கம்பம். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் கூரை தெருவின் நட்டநடுவில் நின்றது. தெரு விலகவே இல்லை. நேரே வந்து ஸ்டேஷனில் முட்டியது.

ஏன் விலக்கி வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். திரையில் ஸ்டேஷனின் மாடி ஜன்னலைக் காட்டினார்.

"ஸ்டேஷன் மாடியில குடும்பம் இருக்குல்லண்ணே. மாஸ்டரு பொண்டாட்டி புள்ளையோட. தெருக்குத்துல எப்படி வைக்கிறது?"

அவர் யோசித்துச் செய்ததல்ல அது. தெரு வந்து குத்தும் மனையில் வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். பிளான் வரைந்த காலத்தில் அப்படி ஒரு மனை வந்தால் வாசலைத் திருப்புவார், முட்டும் இடத்தில் பிள்ளையாருக்கு ஒரு மாடம் குறிப்பார். கை அதையே செய்திருந்தது. எங்கள் கண்களுக்கு உறுத்தாததற்கும் காரணம் அதுவே.

சுவர், கூரைகளுக்கு வண்ணம் தீட்டும் பேரையூர்க்காரர் சும்மா இருக்கவில்லை. "தெருக்குத்துக்குப் பயந்து அமெரிக்காவையே தள்ளி வச்சிருச்சேண்ணே இந்தப் பிள்ள. பிள்ளையாருக்குப் பதிலா பூங்கா வேற."

"நீங்க ஒங்க வீட்ட அப்படிக் கட்டுவீகளா?" என்று வாடிப்பட்டிக்காரர் திருப்பிக் கேட்டார்.

"நானா? சும்மா குடுத்தாலும் வேணாம்."

கடைசித் துண்டை மட்டும் வளைத்து ஸ்டேஷனில் சேர்த்துவிடலாம், நேரத்துக்குள் அனுப்பிவிடலாம் என்றேன். வாடிப்பட்டிக்காரர் ஒப்பவில்லை.

"வளைச்சா அந்தப் பெரியவரு கண்டுபிடிச்சிருவாருண்ணே. தெருவ மொத்தமா நகத்துறேன்."

அது பெரிய வேலை. பாதியில் நின்றால் அனுப்புவதற்கு ஊரே இருக்காது. ஆனால் அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. வங்கி, மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை, சினிமா கொட்டகை எல்லாம் இடம் பெயர்ந்தன. பெயர்ந்ததும் குறுக்குத் தெருக்களின் மூலைகள் பிய்ந்து தொங்கின. ஒவ்வொரு மூலையாகத் தைத்தார். பேரையூர்க்காரர் கேலியை விட்டுவிட்டு, புதிதாக வெளியே தெரிந்த பக்கச் சுவர்களுக்குச் செங்கல் தீட்டினார். நான் நிழல்களைப் பார்த்தேன்.

கெடுவுக்குள் அனுப்பினோம். பெரியவர் தான் ஓட்டியதைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். மூவரும் ஒரே திரையில் பார்த்தோம். தானியக் கிடங்கு கடந்து போகிறது. வண்டி வேகம் குறைந்து ஸ்டேஷனில் நிற்கிறது. பார்வை இடப்பக்கம் திரும்புகிறது. ஸ்டேஷன் காலடியிலிருந்து தெரு புறப்பட்டு, கடைகளுக்கு நடுவே சிறுத்துக்கொண்டே போய்ச் சோளக்காட்டில் முடிகிறது. புறப்படும் நேரம் வந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பார்வையையும் திருப்பவில்லை.

கூடவே ஒரு வரி எழுதியிருந்தார். மருந்துக்கடைக் கதவு வலப்பக்கம் திறக்கும். மற்றபடி ஊர் இருக்கட்டும்.

"கதவு மட்டுந்தானண்ணே?" என்று வாடிப்பட்டிக்காரர் கேட்டார். நான் மறுபடி படித்துப் பார்த்து ஆமாம் என்று சொல்வதற்குள் கதவைத் திருப்பி வைத்துவிட்டார்.